‘ழ’ பழகிய நாற்பது பேர்: ஒரு சேர்ந்திசைக் குழுவில் ஒரு பருவம்

“புலம்பெயர்வும் பண்பாட்டு அடையாளமும்” என்று இந்தப் பருவத்துக்கு ஒரு கருப்பொருளை அறிவித்து, பாடத் தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் எல்லோரும் வரலாம் என்று கூப்பிட்ட ஒரு சமூகச் சேர்ந்திசைக் குழுவில் பதினான்கு வாரம் இருந்துவிட்டு இதை எழுதுகிறேன். குழுவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறை நிறையவே சொல்லப்போகிறேன், அங்கே வேலை பார்ப்பவர்கள் முக்கால்வாசி தன்னார்வலர்கள், பெயர் போட்டுத் திட்ட மனசு வரவில்லை. ஆனால் இதே மாதிரிக் குழுக்கள், இதே மாதிரிக் கருப்பொருளோடு, வேறு நகரங்களிலும் இருக்கின்றன; சேரலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கு இது உதவும்.

அவசரக்காரர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவர்கள் அடையாளத்தைப் பற்றிப் பேசின நேரமெல்லாம் சொதப்பல். பேச்சை விட்டுவிட்டு ஒரு பாட்டை எடுத்து, அதன் எழுத்தையும் மூச்சையும் பிடித்து மல்லுக்கட்டின நேரமெல்லாம் அருமை. ஐந்துக்கு மூன்றரை. அந்த ஒன்றரை எங்கே போனது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

குரல் தேர்வு என்று எதுவும் கிடையாது. முதல் நாள் போனவுடன் பியானோ பக்கத்தில் நிற்கவைத்து, கீழே எதுவரை போகிறது, மேலே எதுவரை போகிறது என்று பார்த்துவிட்டு ஒரு மூலையைக் காட்டுவார்கள், அவ்வளவுதான். எனக்கு நடுவாந்திரமான ஆண் குரல். “டெனர்!” (ஆண்களின் மேல்குரல்) என்று நடத்துனர் சொன்ன சத்தத்தில் நான் ஏதோ பெரிய பாடகன் என்று அரை நிமிடம் நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது, உலகத்தில் எந்தச் சமூகக் குழுவிலும் டெனருக்குத்தான் பஞ்சமாம், சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றாலே சேர்த்துக்கொள்வார்களாம். பெண்களின் மேல்குரலான சொப்ரானோ வரிசையில் பதினாறு பேர், பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோவில் பதின்மூன்று, ஆண்களின் கீழ்க்குரலான பேஸில் ஏழு, எங்கள் வரிசையில் என்னோடு சேர்த்து நான்கு. (நடத்துனர் என்று எழுதும்போதெல்லாம் விசில் ஊதி டிக்கெட் கிழிப்பவர்தான் கண்ணில் வருகிறார். வேறு நல்ல சொல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.)

ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பு, படிக்கத் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். இந்த விஷயத்தில் குழுவுக்கு முழு மதிப்பெண். ஒவ்வொரு பாட்டுக்கும் நான்கு குரலுக்கும் தனித்தனியாக ஒலிப்பதிவு அனுப்பினார்கள். உங்கள் பகுதி சத்தமாகவும் மற்ற மூன்றும் பின்னால் மெலிதாகவும் கேட்கும், பாத்திரம் கழுவிக்கொண்டே மனப்பாடம் ஆகிவிடும். தாளில் சுரத்துக்குப் பக்கத்திலேயே டோ ரே மி எழுத்துகளும் போட்டிருந்தார்கள். இங்கிலாந்தில் ஜான் கர்வன் என்ற பாதிரியார் 1840-களில் பரப்பிய முறை அது. ஆதார சுருதி எங்கே நகர்ந்தாலும் டோவும் கூடவே நகரும், அதனால் நம் ஸரிகமவுக்கு ஏறக்குறைய சித்தப்பா மகன் மாதிரி. பள்ளிக்கூடத்தில் கற்ற ஸரிகம இருபத்தைந்து வருஷம் கழித்து இங்கே வேலைக்கு ஆனது எனக்கே ஆச்சரியம்.

சரி, முதல் குறைக்கு வருகிறேன்.

இரண்டாவது வாரம் பாட்டே இல்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, “உங்கள் பயணக் கதையைப் பகிருங்கள்” என்றார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வட்டத்தில் வேலை மாற்றலாகி விமானத்தில் வந்த என்னைப் போன்றவனும் இருந்தான், எப்படி வந்தோம் என்று வக்கீலிடம் மட்டுமே சொல்ல முடிகிற ஆட்களும் இருந்தார்கள். என் பக்கத்தில் இருந்த இளைஞன் தன் முறை வந்ததும் பெயரைச் சொன்னான், மொழியைச் சொன்னான், “அவ்வளவுதான்” என்றான். உதவியாளர் விடவில்லை, அன்பாகவே இன்னும் இரண்டு தடவை கேட்டார். அடுத்த வாரம் அவன் வரவில்லை, அதற்கு அடுத்த வாரமும் இல்லை.

ஆல்ட்டோவில் ஈழத்து அக்கா ஒருவர் இருந்தார், அறுபதை நெருங்கும் வயது. அன்றைக்கு வெளியே வரும்போது என்னிடம் சொன்னார்: “தம்பி, நான் பாடத்தான் வந்தனான். வாக்குமூலம் எவ்வளவோ குடுத்தாச்சு, இனி இஞ்சையும் குடுக்கேலாது.”

அதை அவர் நடத்துனரிடமும் சொன்னார், அவருக்கே உரிய நிதானத்தில். நடத்துனர் கேட்டுக்கொண்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். மூன்றாவது வாரத்திலிருந்து வட்டம் போட்டுப் பேசுவது நின்றது. சொல்ல விரும்புபவர்கள் ஒரு பாட்டையோ ஒரு வரியையோ கொண்டுவரலாம், கதை சொல்லவேண்டிய கட்டாயமில்லை என்று மாற்றினார்கள். குழுவின் நல்ல காலம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. வராமல் போன அந்தப் பையனைத்தான் யாரும் திரும்பக் கூப்பிட்ட மாதிரித் தெரியவில்லை.

முதலில் வந்தது ஜூலு மொழிப் பாட்டு. பேஸ் வரிசையில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்தவர் ஒருவர் இருந்தார், அவர்தான் கொண்டுவந்தார். இசிக்கதமியா என்று அந்தப் பாணிக்குப் பெயர். கிராமங்களிலிருந்து ஜொஹானஸ்பர்க் சுரங்கங்களுக்கும் டர்பன் ஆலைகளுக்கும் பிழைக்கப் போன ஆண்கள், குடும்பத்தைக் கூட்டிப்போக அனுமதியில்லாமல் விடுதிகளில் அடைந்து கிடந்தவர்கள், சனிக்கிழமை இரவுகளில் விடிய விடியப் போட்டி வைத்துப் பாடி வளர்த்தது அது. புலம்பெயர்வு ‘பற்றி’ எழுதின பாட்டில்லை, புலம்பெயர்ந்ததாலேயே பிறந்த சேர்ந்திசை. மேலே ஒரு குரல் கூப்பிட, கீழே பேஸ் குரல்கள் சுவர் மாதிரி எழும்பி நிற்கும். எங்கள் குழுவில் ஏழு பேஸ்தான், ஆனால் அன்றைக்கு அந்த ஏழும் எழுபது மாதிரி இருந்தது.

பாட்டைச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் அவர் எல்லோரையும் செருப்பு, ஷூவைக் கழற்றச் சொன்னார். அந்தப் பாணியின் பெயரிலேயே பூனை மாதிரி அடி மேல் அடி வைத்து நடப்பது என்ற பொருள் இருக்கிறதாம். ஊரில் மண் தரையில் காலை ஓங்கி மிதித்து ஆடினவர்கள், விடுதியின் பலகைத் தரையில் சத்தம் கேட்டால் காவலாளி வருவான் என்று நுனிக்காலில் ஆடப் பழகினார்கள் என்று சொல்வார்களாம். இதை அவர் ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டு, மீதி ஒரு மணி நேரமும் காலை மட்டும்தான் பயிற்சி கொடுத்தார். உயரத் தூக்கிய காலைக் கீழே வைக்கும்போது ஓசையே வரக்கூடாது. நாற்பது பேர் ஓசையில்லாமல் கால் வைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். எனக்குக் கெண்டைக்கால் மூன்று நாள் வலித்தது. இரண்டாவது வாரத்தில் வட்டம் போட்டுப் பேசின எல்லாவற்றையும்விட அந்தக் கெண்டைக்கால் வலி எனக்கு அதிகம் சொன்னது.

இதில் ஒரு விஷயம் தமிழர்களுக்கென்றே சொல்கிறேன். ஜூலு மொழியில் நாக்கைச் சொடுக்கிச் சொல்லும் எழுத்துகள் உண்டு, இசிக்கதமியா என்ற பெயரின் நடுவில் வருவதும் அப்படி ஒன்றுதான், தமிழில் எழுதவே முடியாது. மற்றவர்கள் எல்லோரும் திணறிக்கொண்டிருந்தபோது நானும் அக்காவும் முதல் தடவையே சொல்லிவிட்டோம். ஏனென்றால் யாராவது துக்கச் செய்தி சொன்னால் நாம் நுனிநாக்கில் ‘ச்சு’ கொட்டுவோமே, அப்படியே அதுதான் அந்த எழுத்து! மாட்டை ஓட்டும்போது கடைவாயில் ஒரு சத்தம் கொடுப்பார்களே, அது இன்னொரு எழுத்து. நம்மிடம் இந்த ஒலிகள் காலங்காலமாக வாயில் இருக்கின்றன, சொல்லுக்குள் மட்டும்தான் சேர்த்துக்கொள்ளவில்லை. பேஸ்காரர் எங்களைப் பார்த்து, “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார். மாடு ஓட்டுகிற சத்தத்தை விளக்கப் போய் அன்றைக்கு இடைவேளை முழுக்கச் சிரிப்பு.

அடுத்தது எங்கள் முறை. தமிழில் ஒரு பாட்டு வேண்டும், தாலாட்டு இருந்தால் நல்லது என்றார் நடத்துனர். எனக்கு உள்ளுக்குள் வெட்கமாகப் போனது, ஏனென்றால் தாலாட்டு எனக்கு இரண்டு வரிதான் தெரியும். பண்பாட்டு அடையாளம் என்று தலைப்பைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தவன், அம்மாவுக்குப் போன் போட்டு, “மூணாவது வரி என்னம்மா?” என்று கேட்கவேண்டியிருந்தது. “கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு இப்ப எதுக்குடா?” என்று அம்மா கேட்டதற்கு நான் சொன்ன பதில் அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

அக்காவுக்கு முழுசாகத் தெரியும். ஆனால் முதல் வரியிலேயே முட்டல். நான் “ஆராரோ ஆரிரரோ” என்கிறேன், அவர் “ஆராரோ ஆரிவரோ” என்கிறார். “எங்கட அம்மம்மா ஆரிவரோ எண்டுதான் பாடுவா, தம்பி. நீங்கள் சொல்லுறது சினிமாவில கேட்டது.” எனக்கு ரோஷம் வந்து, எங்கள் அம்மாவும் அப்படித்தான் பாடுவார் என்றேன். நடத்துனர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, “இதில் எது அசல்?” என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் “என்னுடையதுதான்” என்றோம்.

அந்தக் கேள்வியை நடத்துனர் அத்தோடு விட்டுவிட்டு, முதல் சுற்று அக்கா தனியாக அவர் வழியில் பாடட்டும், இரண்டாவது சுற்றில் குழு என் வழியில் சேரட்டும் என்று முடித்தார். எனக்கு அது சரியான முடிவாகத்தான் பட்டது.

பெரிய போராட்டம் அதற்குப் பிறகுதான். பாட்டில் “அழுதாய்” என்று ஒரு சொல் வருகிறது. தாளில் ஆங்கில எழுத்தில் ‘ழ’வுக்கு வழக்கமான இசட்டும் எச்சும் போட்டு அடித்துக் கொடுத்திருந்தார்கள். நாற்பது பேரும் அதைப் பார்த்து அழகாக, ஒரே குரலில், “அஜுதாய்” என்று பாடினார்கள். அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதைத் திருத்த ஏறக்குறைய மூன்று வாரம் பிடித்தது, ஒவ்வொரு வாரமும் பத்து நிமிடம் அதற்கென்றே ஒதுக்கினார் நடத்துனர். நாக்கை உள்பக்கமாக மடக்கு, ஆனால் மேலண்ணத்தைத் தொடாதே, தொட்டால் ‘ள’ ஆகிவிடும், நாக்கை அந்தரத்தில் நிறுத்திக் குரலை மட்டும் விடு. இதை எனக்கு இதுவரை யாரும் விளக்கச் சொன்னதில்லை. விளக்கும்போதுதான் என் நாக்கு எங்கே போகிறது என்று எனக்கே தெரிந்தது. முதலில் பிடித்தவர் யார் தெரியுமா? சொப்ரானோவில் இருந்த ஒரு சீன அம்மா. மாண்டரினில் சூரியனுக்கும் நாளுக்கும் ஒரே சொல், அதன் முதல் ஒலி நம் ‘ழ’ இருக்கும் இடத்துக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. அவர் “இதுவா?” என்று ஒருதடவை கேட்டுவிட்டு “அழுதாய்” என்றார், செய்தி வாசிப்பவர் மாதிரி. அடுத்தது அமெரிக்க உச்சரிப்பு உள்ளவர்கள். அவர்கள் ‘ர்’ சொல்லும்போது நாக்கை வைக்கும் விதத்தைக் கொஞ்சம் இழுத்தால் போதும், வந்துவிடும். இத்தாலியர் ஒருவருக்குக் கடைசிவரை வரவில்லை, அந்த இடத்தில் வாயை மட்டும் அசைக்கிறேன் என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்.

இவ்வளவும் நடந்து முடிந்து, நாற்பதில் முப்பத்தைந்து பேருக்கு ‘ழ’ வந்த பிறகு, ஒத்திகையில் அக்கா தன் தனிச்சுற்றைப் பாடுகிறார்: “அளுதாய்.” குழு மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. அக்கா அசரவில்லை. “எங்கட பேச்சில அது ‘ள’ தான். நீங்கள் உங்கட மாதிரிப் பாடுங்கோ, நான் என்ர மாதிரிப் பாடுறன்.” அந்தச் சீன அம்மா மிகவும் கவலையாக, “அப்படியானால் நான் கற்றது தப்பா?” என்று கேட்டார். தப்பில்லை, தமிழ்நாட்டிலும் முக்கால்வாசிப் பேர் பேச்சில் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று சொன்னேன். அவருக்கு அது இன்னும் குழப்பம். அடையாளம் என்ற சொல்லுக்கு இந்தப் பருவத்தில் நான் கேட்ட ஒரே உருப்படியான விவாதம் இதுதான், அதுவும் ஒரு மெய்யெழுத்தைப் பற்றி.

இசை அமைப்பு பற்றியும் சொல்லவேண்டும், குறை சொல்லத்தான். முதலில் வந்த வடிவத்தில் தாலாட்டை நான்கு குரலுக்கும் பிரித்து, ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே ஸ்வர அடுக்கு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்கள், ஆங்கிலத்தில் கார்டு) போட்டு எழுதியிருந்தார்கள். கேட்க நன்றாகவே இருந்தது. தாலாட்டாக மட்டும் இல்லை. அந்த மெட்டில் நீலாம்பரி ராகத்தின் சாயல் உண்டு, காந்தாரம் என்கிற ‘க’ சுரம் ஒரு இடத்தில் நிற்காது, தொட்டில் மாதிரி ஆடும். பியானோவில் அந்த ஆட்டத்துக்கு இடமில்லை. ஒன்று இந்தக் கட்டை, இல்லை அந்தக் கட்டை. கீழே அடுக்கு மாறும்போது மேலே மெட்டும் அதோடு நடக்கவேண்டியிருக்கிறது, குழந்தையை ஆட்டுவதற்குப் பதிலாக அணிவகுத்துக் கூட்டிப்போவது மாதிரி ஆகிவிட்டது.

இதற்கு நம்மிடம் முன்மாதிரி இருக்கிறது. எம்.பி. சீனிவாசன் சினிமாவுக்கு இசையமைத்துக்கொண்டே சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கி, பல இந்திய மொழிகளில், அந்தந்த மொழி தெரியாதவர்களையும் சேர்த்துப் பாடவைத்தவர். நம் மெட்டைக் கெடுக்காமல் எங்கே பல குரல்களைப் பிரிக்கலாம், எங்கே பேசாமல் விட்டுவிடவேண்டும் என்ற கேள்வியிலேயே ஆயுளைச் செலவழித்த மனிதர். அவர் குழு பாடின ஒலிப்பதிவு ஒன்றை நடத்துனருக்கு அனுப்பிவைத்தேன். அடுத்த வாரம் அவர் எங்கள் தாளில் முக்கால்வாசியை அடித்துவிட்டார். பேஸும் டெனரும் வாயை மூடி ஸ, ப இரண்டை மட்டும் தம்புரா மாதிரி முனகுவது, மெட்டு அக்காவிடம், மற்ற பெண் குரல்கள் வரியின் கடைசிச் சொல்லை மட்டும் எதிரொலிப்பது. டெனர்களான எங்களுக்கு ஐந்து நிமிடம் ஒரே சுரம். போரடிக்குமா என்றால் அடிக்கும், ஆனால் பாட்டு பிழைத்தது.

ஒரே சுரத்தை ஐந்து நிமிடம் எப்படி நிறுத்தாமல் பிடிப்பது? பக்கத்தில் இருப்பவர் மூச்சு விடும்போது நீங்கள் விடக்கூடாது, அவ்வளவுதான் ரகசியம். ஒருவர் சத்தமில்லாமல் விலகி, மூச்செடுத்து, சத்தமில்லாமல் திரும்ப நுழைவார், வெளியே கேட்பவருக்கு எங்கேயும் வெட்டு தெரியாது. தாலாட்டின் இரண்டாவது சுற்றில் ஒருநாள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, அம்மாவின் குரலில் அந்த மூன்றாவது வரி ஞாபகம் வந்து. அழுதுகொண்டு பாட முடியாது, குரல்நாண் ஒத்துழைக்காது. நடத்துனர் பார்த்துவிட்டார். “நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்குத்தான் மற்ற மூன்று டெனர்கள் இருக்கிறார்கள்” என்று சைகையிலேயே சொன்னார். நிறுத்தினேன். சுரம் நிற்கவில்லை.

குழுவின் விளம்பரத் தாளில் சேர்ந்து பாடினால் மனம் ஆறும், உறவு வளரும் என்றெல்லாம் வாக்குறுதிகள் இருந்தன. இதில் எவ்வளவு உண்மை? ஸ்வீடனில் யோதபோரி நகர ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்து பாடுபவர்களின் இதயத்துடிப்பு ஒரே சீராக ஏறி இறங்குவதைக் காட்டினார்கள். மந்திரமில்லை, பாட்டின் நீண்ட வரிகள் எல்லோரையும் ஒரே தாளத்தில் மூச்சுவிடவைப்பதால்தான். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்டது இன்னும் சுவாரசியம். பாட்டு வகுப்பு, கைவினை வகுப்பு, எழுத்து வகுப்பு மூன்றையும் ஏழு மாதம் ஒப்பிட்டார்கள். முடிவில் மூன்றிலும் நெருக்கம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் பாட்டு வகுப்பில் இருந்தவர்கள் மிக வேகமாக ஒட்டிக்கொண்டார்கள். என் அனுபவமும் அதுதான். மூன்றாவது வாரத்திலேயே பெயர் தெரியாத ஆட்களோடு கட்டிப்பிடிக்கும் அளவுக்குப் பழக்கம். விளம்பரம் சொல்கிற மாதிரி மற்றதெல்லாம் தானாக ஆறிவிடும் என்று நினைத்துப் போகாதீர்கள். விசா கவலை விசா கவலைதான்.

மேற்கத்திய உருப்படிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுதந்திர தேவி சிலையின் பீடத்துக்கு நிதி திரட்ட, புலம்பெயர்ந்து வருகிறவர்களை வரவேற்று எம்மா லாசரஸ் 1883-இல் எழுதின கவிதைக்கு 1949-இல் இர்விங் பெர்லின் போட்ட மெட்டு ஒன்றைப் பாடினோம். பெர்லினே ஐந்து வயதில் ரஷ்யப் பேரரசிலிருந்து வந்து நியூயார்க்கில் இறங்கின யூதக் குழந்தை, அதனால் பாட்டில் நேர்மை இருக்கிறது, ஆனால் சர்க்கரை தூக்கல். நடத்துனர் இதைத் தனியாக விடாமல் பக்கத்தில் இன்னொன்றை வைத்தார், அதற்காக அவரைப் பாராட்டவேண்டும். அந்தக் கவிதை எழுதப்படுவதற்கு முந்தின வருஷம்தான், 1882-இல், சீனத் தொழிலாளர்களை உள்ளே விடுவதில்லை என்று அமெரிக்கா சட்டம் போட்டது. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஏஞ்சல் தீவில் 1910 முதல் 1940 வரை சீனர்களை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அடைத்துவைத்து விசாரித்தார்கள். அவர்கள் மரச்சுவரில் கவிதைகளைச் செதுக்கினார்கள். கட்டடத்தை இடிக்க இருந்த சமயத்தில் 1970-இல் ஒரு பூங்காக் காவலர் கண்ணில் அவை பட்டன. அந்தச் சுவர்க் கவிதைகளில் இரண்டைச் சீன அம்மா படித்தார், அடியில் நாங்கள் ஒரே சுரத்தை முனகினோம். அது முடிந்தவுடன் சர்க்கரைப் பாட்டு வந்தபோது சர்க்கரையாக இல்லை.

அமெரிக்க இசையமைப்பாளர் கரோலின் ஷா 2016-இல் எழுதின “டு த ஹேண்ட்ஸ்” என்ற படைப்பிலிருந்தும் ஒரு பகுதியை முயன்றோம். உலக நாடுகள் ஒவ்வொன்றிலும் உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்து கிடப்பவர்களின் எண்ணிக்கையைப் பாடகர்கள் ஒருவர் மேல் ஒருவராக வாய்விட்டுச் சொல்லும் இடம் அது, பாட்டில்லை, வெறும் எண்கள். எழுதப்பட்டது தேர்ந்த தொழில்முறைக் குழுவுக்கு, எங்களுக்குக் கையளவு மீறினது, இரண்டு இடத்தில் கழன்றே போனோம். ஆனாலும் விட்டிருக்கக்கூடாது என்றுதான் நினைக்கிறேன். எல்லை தாண்டக்கூட முடியாதவர்களின் கணக்கு அது, புலம்பெயர்வு நிகழ்ச்சிகளில் அவர்களை யாரும் எண்ணுவதில்லை.

கச்சேரி நாள். அரங்கம் நிறைந்திருந்தது, ஒலி அமைப்பு பரவாயில்லை, நாற்காலி போதவில்லை. ஒரு வாரத்துக்கு முன்னால் “அவரவர் பாரம்பரிய உடையில் வரவும்” என்று மின்னஞ்சல் வந்தது. எனக்குப் பிரச்சினையில்லை, வேட்டி கட்டினேன். அக்கா சாதாரணக் கறுப்பு உடையில் வந்தார், “நான் கண்காட்சிப் பொருளில்லை” என்று. பேஸ்காரர் கோட்டு சூட்டும் வெள்ளைக் கையுறையுமாக வந்து நின்றார். உதவியாளர் தயங்கித் தயங்கி, பாரம்பரிய உடை இல்லையா என்று கேட்டார். இசிக்கதமியா பாடும் குழுக்கள் போட்டிக்கு அப்படித்தான் வருவார்கள், அதுதான் அந்தப் பாட்டின் உடை என்று அவர் விளக்கவேண்டியிருந்தது. பயிற்சி கொடுத்து ஒன்பது வாரம் ஆகியும் அலுவலகத்துக்கு இது தெரியவில்லை.

நிகழ்ச்சித் தாளைத் திறந்தால் எங்கள் தாலாட்டுக்கு நேரே “இந்திய நாட்டுப்புறப் பாடல்” என்று இருந்தது. தமிழ் என்ற சொல்லே இல்லை. அக்கா இந்தியரும் இல்லை. கீழே, தாளில் முக்கால்வாசியை அடித்துவிட்ட அந்தப் பழைய இசை அமைப்பாளரின் பெயர் மட்டும் பெரிதாக. பாட்டைத் தந்தவர் பெயர் எங்கேயும் இல்லை. இது சின்ன விஷயம் என்று சொல்பவர்களுக்கு: 1939-இல் ஜொஹானஸ்பர்க்கில் சாலமன் லிண்டா தன் குழுவோடு பதிவு செய்த ஒரு பாட்டு, பின்னால் அமெரிக்காவில் வேறு பெயரில், வேறு ஆட்களின் பெயரில் உலகமெல்லாம் ஓடியது, அவரும் கிராமத்திலிருந்து பிழைக்கப் போனவர்தான், 1962-இல் அவர் ஏழையாகவே செத்தார், குடும்பத்துக்கு ஒரு சமரசத் தீர்வு கிடைக்க 2006 ஆகிவிட்டது. இந்தக் கதையை எங்கள் ஒத்திகையில் சொன்ன அதே குழுதான் இந்தத் தாளையும் அச்சடித்தது. புகார் சொன்னேன், மன்னிப்புக் கேட்டார்கள், அடுத்த நாள் கச்சேரிக்கு ஒட்டுச்சீட்டு ஒட்டினார்கள். ஒட்டுச்சீட்டில் “தமிழ்” இருந்தது, அக்கா பெயரில் எழுத்துப்பிழை இருந்தது.

பாட்டுகளுக்கு நடுவே ஒருவர் ஒலிவாங்கியில் வந்து, இப்போது நீங்கள் கேட்டது எவ்வளவு உருக்கமான பயணம் என்று விளக்கிக்கொண்டே இருந்தார். அதை வெட்டியிருந்தால் நிகழ்ச்சி இருபது நிமிடம் குறைந்திருக்கும், அரை மதிப்பெண் கூடியிருக்கும்.

ஆனால் அந்தத் தாலாட்டு. அக்கா தனியாக ஆரம்பித்தார், எந்தச் சத்தமும் இல்லை, எங்கள் முனகல் அடியில். “அளுதாய்” என்றார். பிறகு குழு சேர்ந்தது, “அழுதாய்”, அத்தனை நாக்குகள் மடங்கின சத்தம் எனக்குக் கேட்டது என்றே சொல்வேன், அந்த இத்தாலியர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்தது. முன்வரிசையில் யாரோ ஒரு பெரியவர், தமிழர்தான், மடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார், தாலாட்டுக்கு யாராவது தாளம் போடுவார்களா என்று பாடிக்கொண்டே யோசித்தேன்.

யார் சேரலாம்? இசை தெரிந்து தரமான கச்சேரி பாட ஆசைப்படுபவர்களுக்கு இது ஒத்துவராது, பொறுமை போய்விடும். புதிதாக ஒரு நாட்டுக்கு வந்து யாரையும் தெரியாமல் இருப்பவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், சேருங்கள். கட்டணம் கட்ட முடியாதவர்களிடம் இங்கே கேட்பதும் இல்லை, ஏன் என்று விசாரிப்பதும் இல்லை. வட்டம் போட்டு உட்காரச் சொன்னால் பெயரை மட்டும் சொல்லுங்கள், மேலே கேட்டால் “அவ்வளவுதான்” என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் மொழிப் பாட்டைக் கொண்டுபோகிறீர்கள் என்றால் நிகழ்ச்சித் தாளை அச்சுக்குப் போகும் முன் கேட்டு வாங்கிப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள்.

கச்சேரி முடிந்து வண்டி நிறுத்துமிடத்தில் சீன அம்மா தன் காரைத் தேடிக்கொண்டே எதையோ முணுமுணுத்துக்கொண்டு போனார். காது கொடுத்துக் கேட்டேன். ஆரிவரோ. மூன்று வாரம் நாக்கு மடக்கக் கற்றுக்கொடுத்தது நான், வாயில் நின்றது அக்காவுடையது. அடுத்த பருவத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். டெனரில் இன்னும் ஆறு இடம் காலி.